செவிக் கைங்கரியம்
(திருவிழா இசையும் கேட்போர் கடமையும்)

திருவிழாக் காலத்தில் திருக்கோயிலுக்கு வந்து கூடும் அடியார்களை 'ஸேவார்த்திகள்' என்று வழங்குவது நம் பெரியோர் மரபு. எம்பெருமானைச் சேவிப்பதையே பொருளாகக் கொண்டு வந்தவர்கள் என்பது அச்சொல்லின் கருத்து. சேவிப்பது என்றவுடன் கண்ணால் காண்பதையே நாம் நினைக்கின்றோம். திருமுக மண்டலத்தைக் கண் சேவிக்கின்றது. திருத்துழாயைக் கை ஏற்கின்றது. திருநாமத்தை நா சொல்லுகின்றது. செவிக்கு உரிய கைங்கரியம் யாது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் பிரகலாதாழ்வான் பக்தியை ஒன்பது வகையாகப் பிரித்துத் தன் தந்தைக்கு எடுத்துரைக்கின்றான். அவ்வொன்பதில் முதலாவதாக வைக்கப்பட்டது ச்ரவணம், அதாவது கேட்டல். கீர்த்தனம், அதாவது பாடுதல், அதற்கு அடுத்த இடத்தையே பெறுகின்றது. பாடுவதற்கு முன்னே கேட்பதை வைத்த இம்முறை தற்செயலாக அமைந்தது அன்று. கேட்பவர் இல்லையேல் பாட்டு நில்லாது. இவ்வுண்மையைத் திருவிழா இசையோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒருவர் கேட்டதனால் கிடைத்த நாலாயிரம்

கேட்பவர் ஒருவரின் பெருமையை அறிய நாம் வெகு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் குருபரம்பரையே அதற்குச் சான்று.

வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் மன்னனாருக்குத் தொண்டு செய்துகொண்டிருந்த நாளில், மேல்நாட்டிலிருந்து யாத்திரையாக வந்த சில ஸ்ரீவைஷ்ணவர்கள் சந்நிதியில் நின்று, திருக்குடந்தை ஆராவமுதன் மீது நம்மாழ்வார் அருளிச்செய்த பத்துப் பாசுரங்களைப் பாடினர் என்று பெரியோர் கூறுவர். அவர்கள் அரசவைப் புலவர்கள் அல்லர். பெயரும் நமக்குத் தெரியாத யாத்திரிகர்கள். பாடி முடித்ததும் தீர்த்தம் பெற்றுத் தம் வழியே சென்றிருப்பார்கள். நாதமுனிகளோ ஒவ்வொரு சொல்லையும் செவி கொடுத்துக் கேட்டார். ஆயிரத்துள் இவை பத்து என்று பலச்ருதிப் பாசுரத்தில் வந்ததைக் கேட்டு, "எஞ்சியவை எங்கே?" என்று வினவினார். அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் குருகூருக்குச் சென்று, மதுரகவியாழ்வாரின் பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, நம்மாழ்வார் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது சம்பிரதாய வரலாறு.

பெற்றதோடு அவர் அமையவில்லை. தம் மருமக்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் அவற்றைப் பண்ணும் தாளமும் கூட்டிக் கற்பித்தார். அந்த வழியில் வந்ததே அரையர் சேவை. இன்றும் திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், நமக்கு அண்மையிலுள்ள ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களில் அரையர்கள் கையில் தாளம் ஏந்திப் பாசுரத்தை இசைத்தும் அபிநயித்தும் எம்பெருமான் திருமுன்பு விண்ணப்பம் செய்கின்றனர்.

சிற்றூர்க் கோயில் ஒன்றின் சந்நிதியில் யாத்திரிகர் சிலர் பாடியதை ஒரு செவி ஊன்றிக் கேட்டது. அதனால் ஒரு வேதம் மீண்டது. அன்று அச்செவி வேறு பக்கம் திரும்பியிருந்தால் நாம் இழந்திருக்கக் கூடியது எவ்வளவு என்று எண்ணுந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது.

2. இரு நீரோட்டம் கலந்த நாடு

நம் நாஞ்சில் நாடும் அதனை அடுத்த மேற்குப் பகுதியும் இசைக்குப் பெயர் பெற்றவை. மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றனுள் இரண்டு இம்மாவட்டத்தில் உள்ளன. ஒன்று திருவண்பரிசாரம், நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையார் பிறந்த ஊர். மற்றொன்று ஆதிகேசவப் பெருமாள் அரவணையில் மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டருளும் திருவட்டாறு. திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஆறாம் திருவாய்மொழி பதினொரு பாசுரங்களும் இத்தலத்துக்கே உரியவை. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இத்திருக்கோயிலின் கும்பாபிஷேகம் 2022-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் நடைபெற்றபோது திரண்ட அடியார் கூட்டத்தை யாவரும் அறிவர்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும் வரை இப்பகுதி திருவிதாங்கூர் ஆட்சியிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. ஆதலால் தமிழ் இசையும் மலையாள இசையும் ஒரே மதிலுக்குள் ஒலிக்கும் பேறு இங்குள்ள கோயில்களுக்கு வாய்த்தது. நாகசுரமும் தவிலும் ஒரு புறம். செண்டை, இடக்கை, கொம்பு, இலைத்தாளம் மறு புறம். இவ்விரண்டையும் ஒரே திருவிழாவில் கேட்கக் கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. வெளியூரிலிருந்து வரும் யாத்திரிகர்கள் இதனை அறிந்து கேட்க வேண்டும். உள்ளூரார் இதனை மறவாது கேட்க வேண்டும்.

இவ்விசையைக் கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் எந்நாளும் இருந்ததன்று. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பின்னரே, இந்துக்களில் சாதியால் விலக்கி வைக்கப்பட்டிருந்தோர் திருவிதாங்கூர் அரசின் கோயில்களுக்குள் நுழைந்தனர். அதுவரை அவர்கள் மதிலுக்கு வெளியே நின்று, காற்று கொண்டு வந்ததையே கேட்டனர். அத்தகைய அரிய பேற்றை இன்று நாம் எளிதாகப் பெற்றுள்ளோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

3. புறப்பாட்டு இசையைக் கேட்கும் முறை

இசையறிவு இல்லாதவர்க்கு நாகசுரம் வெறும் மங்கல ஓசையாகத் தோன்றலாம். உண்மையில் அது ஒரு மொழி. எம்பெருமான் இப்போது என் செய்தருளுகின்றான் என்பதைச் சந்நிதிக்கு எட்டாதவர்க்கும் அது அறிவிக்கின்றது.

சுவாமி புறப்பாடாகும்போது வாசிக்கப்படுவது மல்லாரி. கம்பீரநாட்டை ராகத்தில் அமைந்த இதற்குச் சாகித்தியம் இல்லை. தாளக் கட்டே அதன் உயிர். தளிகை எடுத்து வரும்போது தளிகை மல்லாரி, திருமஞ்சனத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, திருத்தேர் புறப்படும்போது தேர் மல்லாரி என வேறு வேறு மல்லாரிகள் உண்டு. விடியலில் பூபாளமும் இரவில் திருப்பள்ளியறையில் நீலாம்பரியும் ஒலிக்க வேண்டும். சோழ நாட்டுக் கோயில்களில் செழித்த இம்முறையைத் தெரிந்துகொண்டவர், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் விழா எந்தக் கட்டத்தில் இருக்கின்றது என்று சொல்லிவிடுவார்.

நாகசுரத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆனது. அதன் வாயில் பொருத்தும் சீவாளி நாணலால் ஆனது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலின் உடல் பலா மரம். அதன் ஒரு முகத்தைக் கோலாலும், மறு முகத்தை விரல்களில் கூடு அணிந்தும் வாசிப்பர். ஆச்சா, நாணல், பலா, தோல் ஆகியவற்றோடு ஒருவரின் மூச்சும் ஒருவரின் விரலும் சேர்ந்தே அந்த மங்கல ஒலி பிறக்கின்றது.

ஒரு ராகத்தை நாகசுரக் கலைஞர் எவ்வளவு நேரம் வாசிப்பார்? இதற்கு விடை அவர் கையில் மட்டும் இல்லை. கேட்போர் கையிலும் உள்ளது. வீதியில் சுவாமி நிற்கும் முக்குகளில் மக்கள் சூழ்ந்து அமர்ந்து கேட்டால் அவர் ராகத்தை விரித்துக்கொண்டே போவார். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இத்தகைய வீதிகளிலேயே வளர்ந்து உலகப் புகழ் எய்தியது. சுற்றி நிற்பவர் கலைந்தாலோ, "சீக்கிரம் ஆகட்டும்" என்று ஒருவர் கை காட்டினாலோ, அவர் நான்கு பிடிகளோடு முடித்துவிடுவார்.

இனி மலைநாட்டு மரபுக்கு வருவோம். பஞ்சவாத்தியம் என்பது திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம், கொம்பு என்னும் ஐந்தும் சேர்ந்தது. தொடக்கத்தில் அது மிக மெதுவாக நடக்கும். புதியவர்கள், "இதில் என்ன இருக்கின்றது?" என்று எழுந்துவிடுவதும் அப்போதுதான். சற்றுப் பொறுத்திருப்பவர்க்கே அதன் அமைப்பு விளங்கும். ஒவ்வொரு காலமும் முந்திய காலத்தில் பாதியாகச் சுருங்கிச் சுருங்கி, வேகம் ஏறி, முடிவில் வாத்தியம் அனைத்தும் ஒன்றாகப் பொழியும். தொடக்கத்தைக் கேளாதவர்க்கு முடிவு வெறும் இரைச்சல். கேட்டவர்க்கோ அது மலையேறி உச்சியை அடைந்த இன்பம்.

இதற்கு நேர்மாறானது சோபான சங்கீதம். கருவறைப் படியருகே ஒருவர் நின்று, தோளில் தொங்கும் இடக்கையைச் சிறு கோலால் இசைத்துக்கொண்டே பாடுவது. இடக்கையின் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் அதிலேயே சுரங்களை எழுப்புவர். ஜயதேவரின் அஷ்டபதிகள் இவ்வகையில் பெரிதும் பாடப்படும். ஆரவாரம் சிறிதும் இல்லாத இவ்விசையைக் கேட்க ஒரே வழி, நாம் பேசாதிருப்பது.

4. திருவட்டாற்றின் கதகளி இரவுகள்

ஐப்பசியிலும் பங்குனியிலும் நடைபெறும் திருவட்டாற்றுப் பெருவிழாக்களில் இரவு வேளையில் கதகளி ஆடுவது மரபு. இது கூத்து மட்டும் அன்று. பெரியதோர் இசை அரங்கும் ஆகும். நடிப்பவர் பேசுவதில்லை, அவருக்காகப் பின்னால் நின்று பாடுவோர் இருவர். முதல் பாடகர் கையில் சேங்கிலை. அவர் பொன்னானி எனப்படுவார். இரண்டாமவர் கையில் இலைத்தாளம், அவர் சிங்கிடி. செண்டையும் மத்தளமும் உடன் முழங்கும்.

முன்மாலையில் ஒலிக்கும் கேளிகொட்டு, "இன்றிரவு கதகளி உண்டு" என்று சுற்றூர்களுக்கு விடுக்கும் அழைப்பு. கதை தொடங்குமுன் மேளப்பதம் என்னும் பகுதியில் கீத கோவிந்தத்தின் அஷ்டபதி ஒன்றைப் பாடகர்கள் பல ராகங்களில் விரித்துப் பாடுவர். அப்போது நடிகர் எவரும் அரங்கில் இரார். பாட்டுக்கும் கொட்டுக்குமே உரிய நேரம் அது. கதையில் ஒரே அடியைப் பலமுறை திரும்பத் திரும்பப் பாடுவதைக் கேட்டு யாத்திரிகர் சலிப்படைய வேண்டா. நடிகர் தம் முத்திரைகளால் அவ்வடியின் பொருளை விரித்து முடிக்கும் வரை பாட்டு காத்து நிற்கின்றது. பெண் பாத்திரம் வரும்போது பெரும்பாலும் செண்டை அடங்கி, இடக்கை ஒலிப்பதைக் கவனித்தால், வாத்தியமே பாத்திரத்தின் இயல்பைச் சொல்வது புலனாகும். முகத்தில் பச்சை தீட்டியவர் இராமன், கண்ணன் போன்ற உத்தமர்; வெள்ளைத் தாடி வைத்தவர் அனுமன். இவ்வளவு தெரிந்தால் மொழி தெரியாதவரும் கதையோடு செல்லலாம்.

கதகளியின் பிறப்பு வளர்ப்பில் நம் பகுதிக்கும் பங்குண்டு. கொட்டாரக்கரைத் தம்புரான் 17-ஆம் நூற்றாண்டில் இராம கதையை எட்டு நாள் ஆடத்தக்க இராமனாட்டமாக வகுத்தார். திருவட்டாற்றுக்கு அண்மையிலுள்ள பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆளத் தொடங்கிய கார்த்திகைத் திருநாள் இராமவர்மா (ஆட்சி 1758–1798) ஆட்டக்கதைகள் பலவற்றை இயற்றியதோடு, 'பாலராம பரதம்' என்னும் நாட்டிய நூலையும் எழுதினார். கீசக வதம், உத்தரா சுயம்வரம், தக்ஷ யாகம் ஆகியவற்றை இரயிம்மன் தம்பி (1782–1856) பாடினார். இவையெல்லாம் மாடமாளிகைக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. எண்ணெய் விளக்கின் ஒளியில், கோயில் முற்றத்து மண்ணில் அமர்ந்திருந்த மக்களை நோக்கியே அவை வாழ்ந்தன. அவ்விளக்கின் ஒரு திரி நடிகர் முகத்தை நோக்கியும் மற்றொன்று காண்போரை நோக்கியும் எரியும். ஆடுவோர்க்கும் கேட்போர்க்கும் ஒரே விளக்கு என்ற அமைப்பே ஒரு பாடம் அன்றோ?

5. கேட்பதற்கென்றே அமைந்த இடங்கள்

நம் முன்னோர் இசையைக் கேட்பதற்கு எவ்வளவு மதிப்பு அளித்தனர் என்பதற்கு அவர்கள் எழுப்பிய இடங்களே சாட்சி. சிவனும் திருமாலும் பிரமனும் ஓருருவாய் எழுந்தருளியிருக்கும் சுசீந்திரத்தில் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைத் தட்டினால் சுரம் பிறக்கின்றது. கல்லையும் பாட வைத்த கைகள் அவை.

பத்மநாபபுரத்து அரண்மனையில் நவராத்திரி மண்டபம் உள்ளது. கம்பர் வழிபட்டதாகச் செவிவழிச் செய்தி கூறும் சரஸ்வதி தேவி அதன் அருகே எழுந்தருளியிருக்கின்றாள். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபின், ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இத்தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்வது வழக்கமாயிற்று. அங்குள்ள நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனங்களை நாளுக்கொன்றாக ஒன்பது ராகங்களில் பாடுவர். மண்டபக் கூரையில் ஒலி நயத்துக்காக மண்பானைகள் தொங்கவிடப்பட்டுள்ளன. பாடி முடிந்தாலும் கை தட்டுவதில்லை. தேவியின் முன் செய்யும் வழிபாடு அது என்பதே காரணம். பெண்கள் பாடுதல் அங்கு வழக்கமில்லாதிருந்தது. 2006-ஆம் ஆண்டில் பாறசாலை பொன்னம்மாள் பாடி அக்கதவையும் திறந்தார்.

கோயில் மதிலுக்கு வெளியே மக்கள் தாமே அமைத்துக்கொண்ட அரங்கு வில்லுப்பாட்டு. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களின் கொடை விழாக்களில், மணிகள் கோத்த நீண்ட வில்லைக் குடத்தின் மீது சாய்த்துக் கட்டி, வீசுகோலால் தட்டிக் கதை பாடுவர். உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் ஒலிக்க, தலைமைப் பாடகர் ஒரு புறம் பாட, மறுபுறத்தார் அதனை வாங்கிப் பாடுவர். "ஆமாம்" என்று ஒத்து ஊதுவாரும் அக்குழுவிலேயே இருப்பர். கேட்கும் செவி ஒன்று இருந்தால்தான் கதை நகரும் என்பதை இவ்வமைப்பு எவ்வளவு எளிதாக உணர்த்துகின்றது! இராம கதையும் இவ்வில்லில் பாடப்படுவது உண்டு.

6. சிற்றூர் அரங்குகள் ஈன்ற பெருமக்கள்

இச்சிறு அரங்குகள் வளர்த்தவர்கள் யாவர்?

வடசேரியில் கண்ணன் கோயிலால் 'கிருஷ்ணன் கோவில்' என்றே பெயர் பெற்ற பகுதியில் 1918-ஆம் ஆண்டு பிறந்தவர் திரை இசையமைப்பாளர் கே. வி. மகாதேவன். 'கந்தன் கருணை', 'சங்கராபரணம்' ஆகிய படங்களின் இசைக்காகத் தேசிய விருது பெற்றவர். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) வில்லுப்பாட்டுக் கலைஞராகத் தொடங்கியவர். அவரால் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்ட திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) வில்லிசையை உலகறியச் செய்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பத்மநாபபுரத்தில் வாழ்ந்து பஜனை செய்துவந்த நீலகண்ட சிவன் (1839–1900) அரங்கேறிக் கச்சேரி செய்தவர் அல்லர். அவருடைய பஜனை மரபு திருவனந்தபுரத்தில் இளமையைக் கழித்த ஒருவரின் செவியில் விழுந்தது. அவ்விளைஞரே பின்னாளில் மயிலை மாடவீதிகளில் மார்கழி பஜனை நடத்தியவரும், எண்ணற்ற கீர்த்தனங்களை நமக்கு அளித்தவருமான பாபநாசம் சிவன் (1890–1973). நாதமுனிகள் கேட்டதைப் போன்றே, இங்கும் ஒரு செவியிலிருந்தே ஒரு மரபு கிளைத்தது.

பிற நாட்டிலும் இவ்வுண்மையே நிலவுகின்றது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1723 முதல் 1750 வரை தேவாலய இசைப் பணியில் இருந்த பாக் என்னும் இசைமேதை, ஞாயிறு வழிபாட்டுக்கு வரும் ஊர் மக்களுக்காகவே தம் வழிபாட்டுப் பாடல்கள் பலவற்றை அமைத்தார். இன்று உலகம் முழுவதும் அவற்றைக் கேட்கின்றது. ஊர்க் கோயிலுக்கென்று உண்மையாகச் செய்தது உலகத்துக்கும் உரியதாகின்றது.

7. இன்று நேர்ந்துள்ள குறை

கதவுகள் எல்லாம் திறந்துவிட்ட இந்நாளில் அவை காலியாக இருக்கின்றது என்பதே நம் வருத்தம். ஒரு காலத்தில் உள்ளே வர இயலாதவர்கள் வெளியே நின்று ஏங்கிக் கேட்டனர். இன்று உள்ளே வரக் கூடியவர்கள் கேளாமலே வெளியே செல்கின்றனர்.

ஒலிபெருக்கியைக் குறை கூறிப் பயனில்லை. தொலைவில் நிற்கும் முதியோர்க்கும் அது பாசுரத்தைக் கொண்டு சேர்க்கின்றது. திரையிசையையும் மெல்லிசைக் கச்சேரியையும் இழிவாகப் பேச வேண்டா. மேற்கூறிய மகாதேவனும் அத்துறையினரே. குற்றம், ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றுவதில் உள்ளது. வீதியில் நாகசுரக்காரர் ராகம் தொடங்கும் அதே வேளையில் மூலைக்கு மூலை குழாய் ஒலிபெருக்கிகள் பதிவுப் பாடல்களை முழக்கினால், மூச்சைப் பிடித்து வாசிக்கும் மனிதர் என் செய்வார்? மின்சாரத்தால் தானே இயங்கும் முரசும் மணியும் பல சந்நிதிகளில் வந்துவிட்டன. பொத்தானை அமுக்கினால் அது கொட்டும். திரை விலகியதா, தீபாராதனை முடிந்ததா என்று அது அறியாது. அடிப்பவருக்குக் கூலி கொடுக்க இயலாத சிறு கோயில்களின் வறுமையை நாம் உணர்கின்றோம். ஆயினும், தன் தாத்தா தவில் வாசித்த இடத்தில் ஒரு பொறி கொட்டுவதைப் பார்த்து வளரும் சிறுவன் தவிலை ஏன் கையில் எடுப்பான்?

குறை வளரும் வழி இது: கேட்பவர் இல்லையேல் கலைஞர் வாசிப்பைக் குறைக்கின்றார். குறைத்து வாசிப்பதையே கேட்டு வளரும் சீடனுக்கு விரிவாக வாசிக்கத் தெரியாமற் போகின்றது. தெரியாதவரை அழைக்க எவரும் விரும்பார். அழைப்பு இல்லாத தொழிலில் பிள்ளையைத் தந்தை சேர்க்கார். திருநெல்வேலி முதலிய நகரங்களில் அரசு மாவட்ட இசைப்பள்ளிகள் நாகசுரமும் தவிலும் கற்பிக்கின்றன. நலிந்த கலைஞர்க்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் உதவி வழங்குகின்றது. இவை போற்றத்தக்கவை. எனினும் பள்ளி கற்பிக்கலாம், மன்றம் உதவலாம், கேட்கும் செவியை அவை உண்டாக்க இயலா. அது நம்மிடம் மட்டுமே உள்ளது.

8. யாத்திரிகர் செய்யத்தக்கவை

இக்குறையைப் போக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சேவார்த்திகள் ஒவ்வொருவரும் செய்யத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, புறப்பாட்டில் ஒரு வீதி தூரமாவது சுவாமிக்கு முன்னே, வாத்தியத்தின் அருகே நடத்தல். ஒரு ராகம் தொடங்கினால் அது முடியும் வரை அவ்விடம் விட்டு அகலாதிருத்தல்.

இரண்டாவது, வாசித்து முடிந்தபின் கலைஞரை அணுகி, வாசித்தது என்ன ராகம் என்று பணிவோடு கேட்டல். கற்றவர்க்கு இதனினும் பெரிய சன்மானம் இல்லை. நாதமுனிகளும் இவ்வாறே கேட்டார் என்பதை நினைக. இயன்றவர்கள் ஒரு சிறு தொகையோ, வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு வேட்டியோ அளிக்கலாம்.

மூன்றாவது, சந்நிதியில் பாடும்போதும் சேவாகாலத்தின்போதும் பேச்சையும் கைப்பேசி ஒலியையும் அடக்குதல். பதிவு செய்து வீட்டில் கேட்கலாம் என்று கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அங்கும் கேட்பதில்லை, வீட்டிலும் கேட்பதில்லை.

நான்காவது, பிள்ளைகளை முன் வரிசையில் அமர்த்துதல். இரவு முழுதும் கதகளியோ வில்லுப்பாட்டோ அவர்கள் விழித்துக் கேட்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாழிகை கேட்டு மடியில் உறங்கிவிட்டாலும், விதை விழுந்த விதைதான்.

விழாக் குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம். விழா அழைப்பிதழில் வாண வேடிக்கையின் நேரத்தையும் உபயதாரர் பெயரையும் அச்சிடுவதுபோல், நாகசுரம், தவில், செண்டை, கதகளிப் பாட்டு, வில்லிசை ஆகியவற்றுக்கு வரும் கலைஞர் அனைவர் பெயரையும் அச்சிடுங்கள். 'மேளவாத்தியம்' என்ற ஒரே சொல்லில் அவர்களை அடக்கிவிடாதீர்கள். ஒரு நிகழ்ச்சி நடக்கும்போது மற்றொன்றன் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை இதனைத் தளர்த்தலாம். இவ்விதிக்கு ஏற்ப இசை நிகழ்ச்சிகளை முன்மாலையிலேயே தொடங்கினால், உறங்கும் முன் குழந்தைகளும் கேட்பர்; முதியோரும் கேட்பர்.

9. நிறைவுரை

பாடுவோர்க்குக் குரல் வேண்டும். வாசிப்போர்க்குப் பயிற்சி வேண்டும். விழா நடத்துவோர்க்குப் பொருள் வேண்டும். கேட்போர்க்கு வேண்டுவது சற்றே பொறுமையும் சற்றே அன்பும்தான். படிப்பு இல்லாதவரும், பணம் இல்லாதவரும், நடக்க இயலாது திண்ணையில் அமர்ந்திருப்பவரும் குறைவின்றிச் செய்யத்தக்க கைங்கரியம் இது. பிரகலாதாழ்வான் இதனை முதலில் வைத்த காரணமும் ஒருவாறு விளங்குகின்றது அன்றோ?

இத்திருவிழாவில் நாளை வாசிக்கப் போகும் ஓர் இளைஞர், கேட்பவர் இருக்கின்றனர் என்ற ஊக்கத்தால் ஒரு ராகத்தைச் சற்று விரித்து வாசிப்பாராயின், அதுவே இம்மலரின் பயனாகும். ஆழ்வார் பாசுரத்தைக் கேட்டு உகந்தருளும் ஆதிகேசவப் பெருமாள், தன் திருவீதியில் எழும் நாதத்தைக் கேட்கும் செவியையும், அதனால் குளிரும் நெஞ்சையும் நம் அனைவர்க்கும் அருள்வானாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.